ஹெபடைடிஸ் பி வைரல் லோடு: இன்டர்னல் கன்ட்ரோல் எழும்பவில்லை

கேள்வி: பெங்களூரு ஜெயநகர் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து வரும் சாம்பிள்களில் மட்டும், வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) பார்க்கும் பிசிஆர் சோதனையில் இன்டர்னல் கன்ட்ரோல் (சோதனை ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் உள் சரிபார்ப்பு) வரவே இல்லை. கிட் கோளாறா?

பதில்: குழாய் மூடியைப் பாருங்க தம்பி. பச்சை என்றால் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), அது டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியையே தடுத்துவிடும். ஊதா மூடி, ஈடிடிஏ என்ற வேறு உறைதல் தடுப்பான் உள்ள குழாய்தான் வேண்டும். தயவுசெய்து 'நெகட்டிவ்' என்று அனுப்பாதீங்க, அது 'இன்வேலிட்' (செல்லாத சோதனை).

இன்னொருவர்: அக்கா சொன்னது சரி. ஊதாவிலும் இப்படியென்றால் கழுவும் திரவத்தின் எத்தனால் மிச்சம் இருக்கும். கழுவியதும் டிஎன்ஏ பிரிக்கும் வடிகட்டிக் குழலை (column) புதுக் குழாயில் வைத்து இன்னொரு நிமிடம் முழு வேகத்தில் சுற்றுங்க. எல்யூட்டை (அந்தக் குழலிலிருந்து கடைசியில் எடுக்கும் டிஎன்ஏ கரைசலை) 10 மடங்கு நீர்த்து ஓட்டும்போது கன்ட்ரோல் எழும்பினால் தடுப்பான்தான் காரணம்.

கேட்டவர்: எல்லாமே பச்சை! மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் காப்பியிலா (வைரஸ் டிஎன்ஏ நகல்களின் எண்ணிக்கை), ஐயூவிலா (சர்வதேச அலகு)?

பதில்: ஐயூவில். 1 ஐயூ ஏறக்குறைய 5 காப்பி. சரியான காரணி கிட் தாளில் இருக்கும். மில்லிக்கு 2000 ஐயூ என்ற எல்லையைக் காப்பியாகப் படித்தால் சிகிச்சை முடிவே மாறிவிடும்.