புதுப்பிப்பு: பீலி ஒழுகல், குற்றவாளி மூட்டு இல்லை

கூரை ஓரத்துத் தகரப் பீலியின் (மழைத்தண்ணீரை ஏந்தி இறங்குகுழாய்க்குக் கொண்டுபோகும் வாய்க்கால்) மூட்டில் இரண்டு முறை சிலிக்கோன் பசை பூசியும் ஒழுகுகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். இப்போது நின்றுவிட்டது.

தப்பு என் மேல்தான். ஒழுகும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணியில் ஏறி மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் விஷயம் புரிந்தது. தண்ணீர் இறங்குகுழாய்ப் பக்கம் போகவே இல்லை. அந்த மூட்டுக்கு நேராகக் குளம் கட்டி நின்றது. இரண்டு தாங்கிகளின் திருகுகள் மரத்தை விட்டுக் கழன்று பீலி தொய்ந்திருந்தது. நீளமான திருகு போட்டு, நூல் கட்டிப் பார்த்து, இறங்குகுழாய்ப் பக்கமாக 3 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சரிவு வருகிற மாதிரி தூக்கிவிட்டேன்.

அப்புறம் மூட்டு. பழைய பூச்சைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு உள்பக்கமாகப் பூசினேன். முன்பு ஈரத்தின் மேலேயே பூசியிருந்தேன், அதனால்தான் பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

இறங்குகுழாய் வளைவில் ஒரு பிடி மக்கிய இலை, கூடவே ஒரு ரப்பர் பந்து. யாருடையது என்று கேட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. இலை விழாமல் இருக்கப் பீலியின் முழு நீளத்துக்கும் வலை போடச் சொல்லி இங்கே யோசனை தந்தவர்களுக்கு: இப்போதைக்குக் குழாய் வாயில் மட்டும் கம்பிக் கூண்டு வைத்திருக்கிறேன்.