கேப்பர் மலை, முந்திரித் தோப்புப் பாதைகளுக்கு எடை குறைந்த சைக்கிள்: எதைக் கழட்டலாம், எதை வாங்கலாம்?

கெடிலக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என்னிடம் இருப்பது 26 இஞ்ச் இரும்பு ஃப்ரேம் கியர் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, முன் ஷாக், இரண்டு பக்கமும் கேபிள் டிஸ்க் பிரேக். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டுகிறது.

ரோட்டில் வேகம் பிடிக்கிற ஆள் இல்லை நான். ஞாயிறு காலையில் கேப்பர் மலை ஏறி, முந்திரித் தோப்புகளுக்குள் போகும் வண்டிப் பாதைகளில் எது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தபடி திருவந்திபுரம் பக்கம் இறங்குவேன். எப்போதாவது பொம்மையார்பாளையம் செம்மண் ஓடைகள் வரை. பல இடத்தில் மழைத் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு போயிருக்கும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறணும். அங்கேதான் இந்த 16 கிலோ உயிரை வாங்குகிறது.

புதுசு வாங்க வசதி இல்லை. 12,000 ரூபாய் வரை செலவு பண்ணலாம். கார்பன் ஹேண்டில்பார், அலாய் சீட் போஸ்ட், எடை குறைந்த பெடல் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கட்டும்?

பாகூரான்

இரும்பு ஃப்ரேமில் காசைக் கொட்டாதீங்க. வித்துட்டு, மேல கொஞ்சம் போட்டு செகண்ட் ஹேண்டில் நல்ல அலாய் சைக்கிளாப் பாருங்க. புதுச்சேரியில் ஊருக்குத் திரும்பிப் போற வெளிநாட்டுக்காரங்க விக்கறது அப்பப்ப வரும்.

லாஸ்பேட்டை பழைய டயர்

பாகூரான் சொல்றது காசு இருக்கறவனுக்குச் சரி. தம்பி, உன் பட்டியல மடிச்சி வை. மொதல்ல ஸ்பேனர எடு.

ஸ்டாண்ட், மட்கார்டு, செயின் மேல இருக்கற பிளாஸ்டிக் மூடி, பாட்டில் இல்லாத பாட்டில் கூண்டு, எல்லாத்தையும் கழட்டி ஒரு பையில போட்டு அதே தராசுல தொங்கவிடு. கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். பைசா செலவில்ல. நீ ஆசப்படற கார்பன் ஹேண்டில்பாரு, ஒரு நல்ல அலாய் பாரவிட நூறு கிராம்தான் கம்மி. பெல்ல மட்டும் கழட்டாத. தோப்புக்குள்ள திருப்பத்துல மாடு நிக்கும்.

அடுத்தது அந்த ஷாக்கு. இந்த விலை சைக்கிள்ல வர்ற ஷாக்குக்குள்ள ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பரும்தான் இருக்கு, ஆயிலே கிடையாது. அமுங்கும், அமுங்கின வேகத்துல கையத் தூக்கி அடிக்கும். ஏத்தத்துல நீ மிதிக்கற மிதியில பாதி அதுக்குள்ள போயிடும். எடை ரெண்டரை கிலோ. அத எடுத்துட்டு ஷாக்கு இல்லாத நேரான இரும்பு ஃபோர்க்கு, அதாவது முன் சக்கரத்தப் பிடிக்கற கவை, போட்டா 1.2 கிலோ சுத்தி நிக்கும். ஒரே அடியில 1.3 கிலோ மிச்சம், அதுவும் தோள்ல தூக்கும்போது முன்னால இழுக்கற எடை.

ஷாக்கு இல்லாம மலையில ஓட்ட முடியுமான்னு கேப்பீங்க. 1976-ல கலிஃபோர்னியா மரின் பக்கம் மண்ணு ரோட்டுல மலைய விட்டு இறங்கி ரேஸ் விட்டவங்க வெச்சிருந்தது பலூன் டயர் போட்ட பழைய இரும்பு சைக்கிளு. ராக்‌ஷாக்ஸோட (ஷாக்கு செய்யற கம்பெனி) முதல் ஃபோர்க்கு வந்ததே 1989-ல. நம்ம கேப்பர் மலைக்கு என்ன பெரிய ஷாக்கு வேண்டியிருக்கு? செஞ்சி கோட்டை பாறையில விடறதா இருந்தா வேற கதை.

வாங்கப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாரு. ஸ்டெம்மு, அதாவது ஹேண்டில்பார ஃபோர்க்கோட பிணைக்கற துண்டு, ஃபோர்க்கு குழாய்க்குள்ள இறங்குதா, வெளியில இருந்து கவ்வுதா? வெளியில கவ்வினா குழாய் 28.6 மில்லிமீட்டர், அதாவது ஒன்னே அரைக்கால் இஞ்ச்சா இருக்கணும், அளந்துக்க. ரெண்டாவது, ஃபோர்க்குல டிஸ்க்கக் கவ்வற பிரேக் காலிப்பர் மாட்ட இடம் இருக்கணும். மூணாவதுதான் எல்லாரும் விடறது: உயரம். ஆக்சில் நடுவுல இருந்து ஃபோர்க்கு மேல் தோள் வரைக்கும், நீ சைக்கிள் மேல உக்காந்திருக்கும்போது யாரையாவது அளக்கச் சொல்லு. ஷாக்கு உன் எடைக்கு ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். அந்த அமுங்கின அளவுக்குத்தான் புது ஃபோர்க்கு வேணும். அதவிட ரெண்டு சென்டிமீட்டர் குள்ளமா போட்டா ஹேண்டில் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்ந்துடும். இறக்கத்துல முன் சக்கரம் பதறும்.

ஒத்தகியர்

கோட்டக்குப்பத்துல இருந்து. பெரியவர் சொன்னதோட கியரையும் தூக்கிடுங்க. முன்னால 32 பல், பின்னால 16 பல், முடிஞ்சது. செயினத் தள்ளி கியர் மாத்தற டெரெய்லர் ரெண்டு, ஹேண்டில்ல இருக்கற ஷிஃப்டர் ரெண்டு, கேபிள் எல்லாம் போச்சு. செம்மண் தூசி போய் அடையறதுக்கு இடமே இல்ல. நான் ஆரோவில் பக்கம் அதுலதான் சுத்தறேன்.

லாஸ்பேட்டை பழைய டயர்

ஒத்தகியர் தம்பி, உனக்கு வயசு என்ன, முழங்கால் என்ன? ஆரோவில் பக்கம் தண்ணி நிறுத்தக் கட்டின மண் கரை அங்கங்க குறுக்க வரும். ரெண்டு மிதி, ஏறி எறங்கிடலாம். கெடிலக்கரை தம்பி ஏறறது நீளமான ஏத்தம். அதோட மத்தியானத்துக்கு மேல திருவக்கரை கல்மரமோ பண்ருட்டியோ போயிட்டுக் கிழக்க திரும்பிப் பாரு, கடக்காத்து நேரா நெஞ்சுல அடிக்கும். அப்ப ஒரு பல்சக்கரத்த வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? இன்னொன்னு, இவர் ஃப்ரேம்ல பின் ஆக்சில முன்ன பின்ன நகத்தற காடி இருக்காது. செயின் தொங்காம இருக்கத் தனியா டென்ஷனர் மாட்டணும். கழட்டினதுக்குப் பதிலா இன்னொன்ன மாட்டின கணக்குதான்.

முன்னால ஒன்னு, பின்னால ஏழு. அதுதான் என் கட்சி. கணக்கப் பாரு. இப்ப உன் சைக்கிள்ல முன்னால 42, 34, 24 பல்லும் பின்னால 14-28 ஃப்ரீவீலும் (ஹப்புல மரை போட்டு ஏறற பல்சக்கரக் கொத்து) இருக்கும். ரொம்ப லேசான கியர் 24-க்கு 28, அதாவது பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் 0.86 சுத்து. இதுக்குப் பதிலா முன்னால 32 ஒத்தச் சக்கரம், பின்னால 14-34 ஃப்ரீவீல் போட்டா 0.94 வரும். ஏத்தத்துல கொஞ்சம் கூட அழுத்தணும், ஆனா சைக்கிளு மூணு கிலோ கம்மியா இருக்குமே. 30 பல் கிடைச்சா இன்னும் நல்லது. மேல் பக்கம் 32-க்கு 14, நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா மணிக்கு 25 கிலோமீட்டர். தோப்புக்குள்ள அதுக்கு மேல எங்க போகப் போற?

11-42 கேசட்டுன்னு (வேற மாதிரி ஹப்புல ஏறற பல்சக்கரக் கொத்து) யாராவது ஆசை காட்டுவாங்க. 32-க்கு 42, 0.76, 32-க்கு 11, 2.9. உன் பழைய மூணு சக்கரத்தோட மொத்த வீச்சையும் அது ஒன்னே குடுத்துடும், உண்மைதான். ஆனா அது ஃப்ரீவீல் ஹப்புல ஏறாது. ஹப்பு மாத்தணும், டெரெய்லர் மாத்தணும், ஷிஃப்டர் மாத்தணும். 12,000 அங்கயே கரைஞ்சிடும்.

பெடல் மாட்டற கிராங்க நல்லாப் பாரு. பல்சக்கரம் போல்ட்டுல நிக்குதா, ஆணி அடிச்சி இறுக்கியிருக்கா? ஆணின்னா சக்கரத்த மட்டும் மாத்த முடியாது, ஒத்தச் சக்கரம் போட்ட கிராங்க் செட்டாத்தான் வாங்கணும்.

முந்திரிக்கொட்டை

ஒரு சின்னச் சேர்க்கை. ஒத்தச் சக்கரம் போட்டதும் குலுக்கல்ல செயின் கழண்டு விழும். பல் ஒன்னு தடிப்பா, அடுத்தது மெலிசா மாறி மாறி வர்ற சக்கரமா வாங்குங்க. அப்பவும் விழுந்தா பழைய முன் டெரெய்லரையே கேபிள் இல்லாம மாட்டி, ரெண்டு ஸ்க்ரூவையும் திருகி சக்கரத்துக்கு நேரா நிறுத்திடுங்க. காவல் மாதிரி நிக்கும். செயினையும் புது ஃப்ரீவீலோட பெரிய பல்லுக்கு ஏத்த நீளமா வெட்டணும்.

எங்களுக்குத் தோப்பு இருக்கு, அதனால இன்னொன்னும் சொல்லிடறேன். பங்குனி, சித்திரையில கொட்டை விழற நேரம். அப்ப தோப்புக்குள்ள புகுந்து சுத்தாதீங்க. சைக்கிள் எவ்வளவு லேசா இருந்தாலும் நாய் அதவிட வேகமா வரும்.

கெடிலக்கரை

ஐயா, ரொம்ப நன்றி. ஸ்டாண்ட், மட்கார்டு, மூடி கழட்டிட்டேன், சொன்ன மாதிரியே கிட்டத்தட்ட ஒரு கிலோ. கிராங்கில் ஆணிதான் அடித்திருக்கு. ஃபோர்க் குழாய் 28.6, வெளியில் கவ்வுகிற ஸ்டெம். இப்போது இரண்டு சந்தேகம். ஷாக் போனால் கை வலிக்காமல் இருக்க டயர் என்ன போடுவது? இரண்டாவது, இந்தப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேல முள். ட்யூப்லெஸ் ஆக்கிவிடலாமா?

லாஸ்பேட்டை பழைய டயர்

ஷாக்குல மிச்சமான எடையில கொஞ்சத்த டயருக்குப் போடு, தப்பில்ல. நம்ம பக்கத்து மேட்டுல மேல கெடக்கறது பொடி சரளை, பேரிங் பால்ஸ் கொட்டி வெச்ச மாதிரி காலடியில உருளும். அடியில இருக்கற மணற்கல்லு மழைக்குக் கரையும். அதனால பல்லு தள்ளித் தள்ளி இருக்கற டயரா, ஃப்ரேமுல இடிக்காத அளவுக்கு அகலமா எடு. 2.2, இடம் இருந்தா 2.35. ஓரத்துல கம்பி இல்லாம மடிக்கிற டயர் கிடைச்சா ஒவ்வொன்னுலயும் நூறு கிராமுக்கு மேல மிச்சம். சக்கரத்தோட விளிம்புல கொறையற எடை, ஏத்தத்துல ஒவ்வொரு மிதிக்கும் தெரியும்.

காத்து கல்லு மாதிரி அடிச்சி வைக்காத. 65, 70 கிலோ ஆளுக்கு முன்னால 26, பின்னால 30 பி.எஸ்.ஐ.ல ஆரம்பி. ரொம்பக் கொறைச்சா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தா ரெண்டு பி.எஸ்.ஐ. ஏத்திக்க. உன் அளவு தானா கிடைச்சிடும்.

ட்யூப்லெஸ் உன் ரிம்முக்கு வேணாம். அதுக்குன்னு செய்யாத ரிம்முல டேப்ப ஒட்டி டயர உக்கார வைக்கறது கம்ப்ரெசர் இல்லாம நடக்காத வேலை. கார் வால்வு வெச்ச ட்யூப் வாங்கு. உள்ள இருக்கற பின்ன சின்னச் சாவியால கழட்டலாம். அந்த வழியா பால் மாதிரி இருக்கற சீலண்ட ஊத்து. கருவேல முள்ளு குத்தினா முள்ளப் பிடுங்கி, ஓட்டைய கீழ்ப்பக்கம் வெச்சி ஒரு சுத்து உருட்டு, அடைச்சிக்கும். நம்ம வெயிலுக்கு ரெண்டு, மூணு மாசத்துல உள்ள காஞ்சி ரப்பராயிடும், அப்பப்ப ஊத்தணும்.

அப்புறம் உப்புக்காத்து. இரும்பு ஃப்ரேமுக்குள்ள அலாய் சீட் போஸ்ட் போட்டா ரெண்டும் ஒன்ன ஒன்னு கவ்விப் பிடிச்சிக்கும். போடும்போது கிரீஸ் தடவு, மழைக்காலம் முடிஞ்சதும் ஒருக்கா உருவித் தொடைச்சி மறுபடி தடவு. ஃபோர்க்கு குழாய்க்குள்ள, பி.பி. செட்டு (கிராங்கோட அச்சு) மரையில, ஃப்ரீவீல் மரையில, எல்லாத்துலயும் இதே வைத்தியம்தான்.

கெடிலக்கரை

ஃப்ரீவீல்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரிமூவர் வாங்கி ஸ்பேனர் போட்டேன், வழுக்கி வெளியே வருகிறது.

லாஸ்பேட்டை பழைய டயர்

நீ மிதிக்க மிதிக்க இறுகிக்கிட்டே போற மரை அது, கையால வராது. ஆக்சில் நட்டப் போட்டு ரிமூவர மேல லேசா அழுத்திப் பிடிச்சிக்க, அப்பதான் வழுக்காது. பக்கத்து வெல்டிங் பட்டறையில வைஸ் இருக்கும். ரிமூவர வைஸ்ல கவ்விட்டு, சக்கரத்த ஸ்டீரிங் பிடிக்கற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சி இடப்பக்கமா திருப்பு. கால் சுத்து அசைஞ்சதும் நிறுத்தி, நட்டத் தளர்த்திட்டு அப்புறம் திருப்பு. இல்லன்னா ஆக்சில் மரை போயிடும். புதுச மாட்டும்போது கிரீஸ் தடவிக் கையால ஏத்து. முதல் ரெண்டு சுத்து நேரா ஏறலன்னா வெளிய எடுத்து மறுபடி ஆரம்பி, ஸ்பேனர் போட்டு அமுக்காத.