போர்த்துகீசில் 'அவுங்' சொற்களுக்கு ஏன் மூன்று வகைப் பன்மை?

லிஸ்பன்வாசி:
குடியுரிமைக்காக ஏ2 என்கிற தொடக்க நிலை போர்த்துகீசு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதைக்கூடச் சகித்துக்கொண்டேன். பன்மைதான் உயிரை வாங்குகிறது. மவுங் (கை) மவுங்ஷ் ஆகிறது, பவுங் (ரொட்டி) பைங்ஷ் ஆகிறது, லியவுங் (சிங்கம்) லியொயிங்ஷ் ஆகிறது. ஏதாவது விதி உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

போர்த்தோ அக்கா:
ஒருமையைப் பார்த்தால் விதி பிடிபடாது, தம்பி. போர்த்துகீசுக்குத் தாய்மொழியான லத்தீனில் இவை மூன்றுக்கும் வேறு வேறு முடிவு. போர்த்துகீசில் நடுவில் இருந்த 'ந்' கரைந்து மூக்கொலியாகிவிட்டது. ஒருமையில் மூன்றும் 'அவுங்' என்றே வந்து சேர்ந்தன, பன்மை மட்டும் பழைய வேறுபாட்டை விடவில்லை. ஸ்பானிஷில் அந்த 'ந்' இன்னும் இருக்கிறது: மானோஸ், பானேஸ், லியோனேஸ். நான் மாட்ரிட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தவள். இன்றைக்கும் ஸ்பானிஷ் பன்மையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சகோதரர்கள் அங்கே எர்மானோஸ், அதனால் இங்கே இர்மவுங்ஷ்.

ஸ்பானிஷ் தெரியாதென்றால், சந்தேகம் வரும்போது 'ஒயிங்ஷ்' போடுங்கள். பெரும்பாலானவை அந்தக் கூட்டம்தான்: ஸ்டேஷன், விமானம், லாரி, இதயம். நம் பொத்தானுக்கு மூலமான புத்தவுங்கும் அப்படியே. 'பைங்ஷ்' கூட்டம் சின்னது. ரொட்டி, நாய், ஜெர்மன்காரர், கேப்டன், இன்னும் கொஞ்சம். அதை மட்டும் உருப்போடுங்கள். முதியவர் என்ற அன்சியவுங்குக்கு அகராதியே மூன்று பன்மையையும் ஒப்புக்கொள்கிறது. அவர்களே முடிவு செய்யாததற்கு நாம் ஏன் தூக்கம் கெடணும்?

லிஸ்பன்வாசி:
நன்றி அக்கா. ஆண்பால், பெண்பாலுக்கும் ஸ்பானிஷ் உதவுமா? 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்றார்கள், ஆனால் ப்ரொப்லேமா ஆண்பாலாமே?

போர்த்தோ அக்கா:
ப்ரொப்லேமா, சிஷ்தேமா எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை, அதனால் ஆண்பால். அதில் ஸ்பானிஷும் ஒத்துப்போகும். ஆனால் முழுசாக நம்பாதீர்கள். குடிக்கிற பால் அங்கே பெண், இங்கே ஆண். மரமும் பயணமும் அங்கே ஆண், இங்கே பெண். சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் ஆண்பாலுக்கு உ, பெண்பாலுக்கு அ சேர்த்தே படியுங்கள். 'மவுங்' இல்லை, 'அ மவுங்'.

சாவோ பாவுலோ பையன்:
பிரேசிலுக்கு வந்துவிடுங்கள் அண்ணா! இங்கே சாதாரணப் பேச்சில் பலர் முன்னால் வரும் 'உ'வை மட்டும் 'உஸ்' என்று பன்மையாக்கிவிட்டுப் பெயரை அப்படியே விடுவார்கள். நாம் 'ரெண்டு மாடு' என்கிற மாதிரி. பள்ளியில் எழுதினால் மார்க் போய்விடும்.

போர்த்தோ அக்கா:
தம்பியைக் கெடுக்காதே. ஏ2 தேர்விலும் போய்விடும்.