அவுட்லுக்கிலிருந்து தண்டர்பேர்டுக்கு மாறினேன், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன

மதுரை அச்சகம்:
வணக்கம். மதுரையில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் வேலைதான். இத்தனை வருடமும் மெயிலுக்கு அவுட்லுக் 2016. அதற்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், இலவசமாகக் கிடைக்கிறதே என்று தண்டர்பேர்டு மெயில் மென்பொருளைப் போட்டேன். மெயில் எல்லாம் வந்துவிட்டது. முகவரிப் புத்தகத்தில்தான் சிக்கல்.

ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட்/எக்ஸ்போர்ட் என்று போய் சிஎஸ்வி (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய கோப்பு) ஆக எடுத்தேன். எக்செல்லில் திறந்து, காலமானவர்கள், கடையை மூடியவர்கள் என ஒரு நாற்பது பேரை நீக்கிவிட்டுச் சேமித்தேன். அப்புறம் தண்டர்பேர்டில் இம்போர்ட். இப்போது ஆங்கிலப் பெயர்கள் சரியாக இருக்கின்றன. 'பைண்டிங் அண்ணன்', 'பிளேட் கடை', 'லாரி புக்கிங்' மாதிரி தமிழில் வைத்திருந்ததெல்லாம் வெறும் ?????. போன் நம்பர் பாதி 9.19E+11 என்று இருக்கிறது. குரூப் ஆறு வைத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. யார் நம்பர் யாருடையது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சேலம் தம்பி:
ஃபாண்ட் பிரச்சினையாக இருக்கும் அண்ணே. தண்டர்பேர்டு செட்டிங்கில் தமிழ் ஃபாண்டை மாற்றிப் பாருங்கள்.

மதுரை அச்சகம்:
மாற்றிப் பார்த்துவிட்டேன் தம்பி. லதா போட்டாலும் அதே கேள்விக்குறிதான், கொஞ்சம் அழகாகத் தெரிகிறது.

பழைய கணினிக்காரன்:
ஃபாண்ட் இல்லை சார். அவுட்லுக்கை இன்னும் அழிக்கவில்லையே? அழித்துவிடாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். மறுபடி சிஎஸ்வி எடுங்கள், எக்செல் பக்கமே போகாமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் என்ன தெரிகிறது? ஐரோப்பிய எழுத்துகள் மாதிரி குப்பையாகத் தெரிந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு. நிஜமான கேள்விக்குறியே இருந்தால் கதை வேறு.

மதுரை அச்சகம்:
பார்த்தேன் சார். நோட்பேடிலும் கேள்விக்குறிதான். ஆனால் போன் நம்பர் எல்லாம் முழுசாக இருக்கிறது! அவுட்லுக் அப்படியே இருக்கிறது, அதில் தமிழ் நன்றாகத் தெரிகிறது.

பழைய கணினிக்காரன்:
அப்படியானால் உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல். தண்டர்பேர்டு மேல் தப்பே இல்லை. பெயர் போனது எக்ஸ்போர்ட்டில், நம்பர் போனது எக்செல்லில்.

பெயரை முதலில் பார்ப்போம். அவுட்லுக் அந்தக் கோப்பை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுப் பட்டியல்) எழுதுவதில்லை. 'யூனிகோடு அல்லாத நிரல்களுக்கு' என்று வின்டோஸில் எந்த மொழி இருக்கிறதோ அந்தப் பழைய எழுத்துப் பட்டியலில் எழுதுகிறது. ஆங்கில வின்டோஸ் என்றால் அது 256 இடம் மட்டுமே உள்ள பட்டியல். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் வின்டோஸில் எப்போதுமே இருந்ததில்லை. வின்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது. பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். 'மதுரை' என்று எழுதியிருந்தால் ஐந்து, ஏனென்றால் உகரக் குறிக்கும் ஐகாரக் குறிக்கும் தனியாக ஒன்று. விழுந்தது விழுந்ததுதான், அந்தக் கோப்பிலிருந்து எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது: கண்ட்ரோல் பேனல், ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், சேஞ்ச் சிஸ்டம் லொகேல். அங்கே பீட்டா என்று போட்டு 'யூஸ் யூனிகோட் யுடிஎஃப்-8' என ஒரு கட்டம் இருக்கும் (யுடிஎஃப்-8 என்பது யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை). அதை டிக் செய்து கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது எக்ஸ்போர்ட் செய்தால் தமிழ் அப்படியே வரும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள், பழைய பில்லிங் மென்பொருள் ஏதாவது இருந்தால் அது கோணல்மாணலாகத் தெரியலாம்.

நம்பர் விஷயம்: 91 சேர்த்தால் 12 இலக்கம். எக்செல் அதை எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும், சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கத்தையே எழுதிவைத்துவிடும். 0452-இல் தொடங்கும் லேண்ட்லைனில் முன்னால் உள்ள பூஜ்யமும் போய்விடும். ஆகவே ஆட்களை நீக்குவதை அவுட்லுக்கிலேயே முடித்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்செல் வேண்டவே வேண்டாம்.

திருச்சி வாசகி:
சிஸ்டம் லொகேலைத் தொடப் பயமாக இருந்தால் இன்னொரு வழி. அவுட்லுக்.காம் கணக்கு ஒன்றை அவுட்லுக்கில் சேர்த்து, தொடர்புகளை அந்தக் கணக்கின் தொடர்புக் கோப்புறைக்கு நகலெடுங்கள். இணையத்தில் ஏறியதும் பிரவுசரில் அங்கிருந்தே எக்ஸ்போர்ட் செய்யலாம். நான் என் அப்பாவுக்கு இப்படித்தான் செய்தேன்.

சிஎஸ்வியைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் எக்செல் மாதிரியே உள்ள லிப்ரே ஆபீஸ் கால்க் நல்லது. திறக்கும்போதே என்ன எழுத்துமுறை என்று கேட்கும். யுடிஎஃப்-8 கொடுத்து, நம்பர் உள்ள பத்திகளை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டால் நம்பரைத் தொடாது.

குரூப் சிஎஸ்வியில் வராது. ஆனால் கேட்டகரி வரும். எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் ஒவ்வொரு குரூப் ஆளுக்கும் ஒரு கேட்டகரி போட்டுவிடுங்கள். அந்தப் பத்தியை வைத்து கால்க்கில் பிரித்து, ஆறு கோப்பாக்கி, தண்டர்பேர்டில் ஆறு முகவரிப் புத்தகமாக ஏற்றிக்கொள்ளலாம்.

மதுரை அச்சகம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பழைய கணினிக்காரர் சொன்ன வழியே போனேன். தமிழ் வந்துவிட்டது சார்! நம்பரும் சரி. பில்லிங் மென்பொருள் சொன்னபடியே கோணலானது, டிக்கை எடுத்ததும் நேரானது. குரூப்புக்கு மேடம் சொன்னதைச் செய்தேன், பத்திரிகை மாடல் அனுப்பும் மண்டபக்காரர்கள் புத்தகம் முதலில் தயார்.

இரண்டு சந்தேகம். பேப்பர் கடைக்குத் தினமும் மெயில் போடுகிறேன், அவர் வரவேயில்லை. இன்னும் பதினான்கு பேர் பெயர் ஆங்கில எழுத்துகளாக அர்த்தமில்லாமல் இருக்கிறது.

பழைய கணினிக்காரன்:
பேப்பர் கடையை நீங்கள் தொடர்பாகச் சேமித்திருக்கவே மாட்டீர்கள். இரண்டு எழுத்து அடித்ததும் அவுட்லுக் தானாக நிரப்பும் நினைவுப் பட்டியலில் இருந்திருப்பார், அது எக்ஸ்போர்ட்டில் சேராது. தண்டர்பேர்டிலிருந்து ஒரு தடவை மெயில் அனுப்புங்கள், 'கலெக்டட் அட்ரஸஸ்' புத்தகத்தில் தானாக உட்கார்ந்துகொள்வார்.

அந்தப் பதினான்கு பெயரும் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பழைய ஃபாண்ட்) அடித்ததா?

மதுரை அச்சகம்:
ஆமாம் சார், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரிலிருந்து எடுத்து ஒட்டியது. அவுட்லுக்கிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது, பழகிப்போய்க் கவனிக்கவில்லை. டிடிபி பார்க்கும் அக்கா திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறார், நான் யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது முடிந்தது.