தரங்கம்பாடியில் "கோயில்ல நிக்கிறவர்" யார்?

நாடாச்சுருள்:

பெரியப்பா கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். இப்போது இல்லை. தமிழ்நாட்டுச் செடிகொடிகளை வெள்ளைக்காரர்கள் எப்படிச் சேகரித்தார்கள் என்று அவர் பேசிய பேச்சு ஒரு கேசட்டில் இருந்தது. கணினியில் ஏற்றித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில் மின்விசிறி ஓடியிருக்கிறது, அதோடுதான் மல்லுக்கட்டு. ஒரு பெயர் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

எனக்குக் கேட்டது இது: "டேனிஷ்காரன் கோட்டை இருந்துதே தரங்கம்பாடி, அங்க மிஷனுக்கு டாக்டரா, கோய...க்கிறவர் வந்தார். லின்னேயஸ்கிட்டயே படிச்சவர். (இரைச்சல்) அப்புறம் நவாப்கிட்ட சம்பளம். (இரைச்சல்) கடைசியில ராக்ஸ்பரோதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டார். உங்க வீட்டு ரசத்துல தினம் அவர்தான் மிதக்கிறார், நீங்க எடுத்துத் தூரப் போட்டுடறீங்க."

கடைசி வரிக்கு அரங்கமே சிரிக்கிறது. எனக்கு ஏன் என்றே தெரியவில்லை. எழுத்தாக்கும் செயலியில் போட்டால் "தரங்கம்பாடியில் கோயில்ல நிக்கிறவர் வந்தார்" என்று கொடுக்கிறது. மிஷன் டாக்டர் கோயிலில் ஏன் நிற்கிறார்! யாருக்காவது தெரியுமா?

பச்சைக்கிளுவை:

தரங்கம்பாடி, மிஷன், செடி என்றாலே ராட்லர்தான். தமிழ்–ஆங்கில அகராதி போட்டவர். நிறைய செடிகள் சேகரித்தார். அவராக இருக்கலாம்.

உப்பங்கழி:

ராட்லர் 1776இல்தான் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் பாதிரியார், டாக்டர் இல்லை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் படித்தவரும் இல்லை. தரங்கம்பாடியில் டாக்டராக இருந்து செடி சேகரித்தவர் என்றால் க்ளைன் நினைவுக்கு வருகிறார். ஆனால் அவர் பிறந்தது 1766இல். லின்னேயஸ் 1778இல் இறந்தபோது அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான். ஆகவே இருவரும் இல்லை. யார் என்று எனக்கும் தோன்றவில்லை.

மேசைவிளக்கு:

வானொலியில் நாடாவை வெட்டி ஒட்டிக் காலம் தள்ளியவன் நான். இந்த மாதிரிப் பெயர்களோடு நிறைய மாரடித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செயலியைத் திட்ட வேண்டாம். அது நல்ல துப்பு கொடுத்திருக்கிறது. "நிக்கிறவர்" என்பதில் கடைசியில் இருப்பது பெயரே இல்லை, "-ங்கிறவர்". மேடையில் பேசுகிறவர்கள் தெரியாத பெயரைச் சொல்லும்போது "இன்னாருங்கிறவர்" என்று ஒட்டித்தான் சொல்வார்கள். பெயர் வல்லினத்தில் முடிந்தால் நடுவில் ஓர் உகரம் வரும்: "க்குங்கிறவர்". வேகமாகப் பேசினால் அதுவும் நசுங்கி "க்கிறவர்" ஆகிவிடும். அதைக் கழற்றி வைத்தால் மிஞ்சுவது "கோய...னிக்". பெயர் "கோ"வில் தொடங்கி "க்"கில் முடிகிறது. ஒலியை வைத்து இதற்கு மேல் யோசிக்க மாட்டேன். காதை நம்பி ஊர் ஊராகப் போனால் ராட்லர் வரைக்கும் போய்விடுவோம்.

இனி பெரியப்பா சொன்ன மற்றவற்றைப் பாருங்கள். மிஷன் டாக்டர், லின்னேயஸின் மாணவர், நவாப்பிடம் வேலை, ராக்ஸ்பரோ. இந்த நாலும் ஒரே ஆளிடம் பொருந்துவது யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1728இல் இன்றைய லாட்வியா பக்கம் பிறந்தவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். சில வருடங்களில் ஆற்காட்டு நவாப்பிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை, அதிலேயே சயாம், மலாக்கா பயணம். 1785இல் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் ஜகன்னாதபுரத்தில் இறந்தார். அப்போது வைத்தியம் பார்த்தவர் கம்பெனியின் டாக்டரும் தாவரவியலாளருமான ராக்ஸ்பரோ. அவருடைய காகிதங்கள் லண்டனில் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தன.

இப்போது ரசம். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ரயா கோயனிகியை. ரசத்தில் மிதக்கிறவர், இலையோரம் ஒதுக்கப்படுகிறவர் இவர்தான். நான் வேறெதையும் நம்பாவிட்டாலும் இதை நம்புவேன். பேசுகிறவர் நகைச்சுவைக்காகச் சொன்னது பெயரைவிடத் தெளிவாகக் கேட்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பார்.

ஜெர்மன்காரர் வாயில் இந்தப் பெயர் "கோ"வுக்கும் "கே"வுக்கும் நடுவே எங்கோ ஒலிக்கும். உங்கள் பெரியப்பா புத்தகத்தில் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பழகியவர், எழுத்துக் கூட்டி "கோயனிக்" என்றிருக்கிறார். நம் பேராசிரியர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். கோயில் வந்தது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. பெயர் தெரிந்துவிட்டதால் இனி உங்கள் காதுக்கு அது "கோயனிக்" என்றுதான் கேட்கும், வேறு எதுவாக இருந்தாலும். ஆகவே விஷயம் தெரியாத ஒருவரிடம் அந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டி எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2,000 முதல் 4,000 வரை லேசாக ஏற்றுங்கள். இரைச்சல் நீக்கியை அளவாகப் போடுங்கள். அது மெய்யெழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நாடாச்சுருள்:

ஐயா, ரசத்தைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒதுக்குகிறவர்கள்தான்.

நீங்கள் சொன்னபடி ஒலியைச் சரிசெய்து என் தங்கையிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. அவள் "கோயனி, கடைசியில் ஒரு க் மாதிரி" என்று எழுதினாள். அது மட்டுமல்ல, பின்னால் இன்னோர் இடத்திலும் பெயர் வருகிறது, அங்கே "-ங்கிறவர்" கிடையாது: "கோயனிக்கோட செடியெல்லாம்". அங்கே சுத்தமாகக் கேட்கிறது. முதலிலேயே அதைத் தேடியிருக்கலாம்!

ஒரு சந்தேகம். பெரியப்பா அதே இடத்தில் "பேரை மாத்தி மாத்தி வெச்சுட்டாங்க" என்கிறார். எதைச் சொல்கிறார்?

உப்பங்கழி:

இது எனக்குத் தெரியும். லின்னேயஸ் தன் மாணவரை நினைத்துக் கறிவேப்பிலைக்கு முதலில் வைத்த பெயர் பெர்கெரா கோயனிகியை, 1771இல். பிறகு ஸ்ப்ரெங்கல் என்ற தாவரவியலாளர் அதை முர்ரயா பேரினத்தில் சேர்த்தார். அந்தப் பெயருக்குரிய முர்ரே என்பவரும் லின்னேயஸின் மாணவர்தான். இப்போது பலர் மறுபடியும் பெர்கெராவுக்கே திரும்பிவிட்டார்கள். எப்படி மாற்றினாலும் கோயனிகியை மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

மேசைவிளக்கு:

தட்டச்சில் "[கோயனிக்]" என்று சதுர அடைப்புக்குள் போட்டு, நிமிடம், நொடியைக் குறித்துவிடுங்கள். "கோனிக்" என்று திருத்திவிட வேண்டாம். பெரியப்பா சொன்னது சொன்னபடி இருக்கட்டும், யார் என்பது அடிக்குறிப்பில் வரட்டும். சந்தேகம் இருந்த இடம் என்பதையும் அங்கே எழுதுங்கள். நாளை வேறொருவர் நல்ல பிரதி வைத்திருந்தால் ஒப்பிட முடியும்.

நாடாச்சுருள்:

அப்படியே செய்கிறேன். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேனே. கொஞ்ச நேரம் கழித்து "ஐயனே பெங்களூருக்குப் போய்ட்டார்" என்று வருகிறது. கோயில் போய் இப்போது ஐயனாரா?

மேசைவிளக்கு:

பெஞ்சமின் ஹெய்னே. அவரும் தரங்கம்பாடிக்கு மிஷன் வழியாக வந்தவர். ராக்ஸ்பரோவுக்குப் பிறகு சாமல்கோட்டையில் கம்பெனித் தோட்டத்தைப் பார்த்தார். திப்பு வீழ்ந்த பிறகு பெங்களூர் லால்பாக் தோட்டம் அவர் கைக்கு வந்தது. முன்னால் சாமல்கோட்டை என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அவரேதான்.