பொங்கலும் பசுமை வாரமும் ஒரே நாளில்: சேர்க்கலாமா, கூடாதா?

செயலவை_குரல் · செவ்வாய் இரவு 9:10

வணக்கம் நண்பர்களே. பினாங்குத் தீவில் ஒரு வளாகத்தில் தமிழ்க் கழகச் செயலவையில் இருக்கிறேன். வளாகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஜனவரியில் நாங்கள் பொங்கல் விழா எடுப்போம். அதே மாதத்தில் சுற்றுச்சூழல் மன்றம் பசுமை வாரம் நடத்தும். இரண்டுக்கும் தனித்தனியாகக் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது அனுமதி கேட்கும் திட்ட அறிக்கை, போனது. மாணவர் விவகாரப் பிரிவு சொன்ன பதில்: இரண்டையும் சேர்த்து 'பசுமைப் பொங்கல்' என்று ஒரே நாளில் நடத்துங்கள், ஒரு மண்டபம், ஒரு ஒதுக்கீடு. செயலவையில் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள், பாதிப் பேர் கொதிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உறுமிக்காரன் · 9:32

கூடாது. ஒரு வருடத்தில் நமக்கென்று இருப்பது இரண்டு மேடை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அதில் ஒன்றையும் பங்கு போட்டால் நாள் எப்படிப் போகும் என்று இப்போதே சொல்கிறேன். காலையில் மறுசுழற்சி பற்றி உரை. பிறகு பிரமுகர் வந்து மரம் நடுவார், எல்லாரும் மண்வெட்டியைப் பிடித்தபடி படம். மதியத்துக்கு மேல் உறியடி, கயிறு இழுப்பு. உறுமி மேளத்துக்குக் கடைசி அரை மணி நேரம் கிடைக்கும். மேளம் களைகட்டுவதற்குள் மண்டபச் சாவியைக் கேட்டு ஆள் வந்துவிடுவார்.

பசுமை வாரம் தனியாக நடக்கட்டும். நானே வந்து குப்பை பொறுக்குகிறேன். ஆனால் பொங்கல் கொண்டாட இன்னொரு நல்ல காரியத்தைத் துணைக்கு அழைத்துவர வேண்டும் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாம்_பருவம் · 9:35

விடுதி அறைக்கு உதவும் மெரிட் புள்ளி எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பெயரானாலும் வருகிறேன்.

நீபோங்_திபால் · 9:58

உறுமிக்கார அண்ணா, போன விழா முடிந்த இரவு மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்களா? நான் சுத்தம் செய்யும் குழுவில் இருந்தேன். வாழை இலை, மிச்சச் சாம்பார், கரும்புச் சக்கை, தண்ணீர்ப் போத்தல், பலூன், மேடைத் தட்டி எல்லாம் ஒரே கறுப்புப் பையில். பிரித்துப் போடும் தொட்டிகள் பக்கத்திலேயே காலியாக நின்றன. இத்தனைக்கும் பினாங்கில் 2017 ஜூன் மாதத்திலிருந்து குப்பையைப் பிரிப்பது கட்டாயம். காலையில் அதே மேடையில் ஒருவர் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருந்தார்.

நான் விடாமல் பேசக் காரணம் உண்டு. தீவில் போடும் குப்பை தீவிலேயே இருப்பதில்லை. பத்து மாவுங்கில் சேர்த்து, எதிரே பெருநிலத்தில் செபராங் பிறைப் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. எங்கள் ஊர்ப்பக்கம். 2022 ஜனவரி 12 அன்று, பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. வாரக்கணக்கில் புகைந்தது. பக்கத்துப் பைராம் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் அவர்கள் வாசலில் பொங்கல் எப்படி இருந்திருக்கும்?

அதனால் சேர்த்தே நடத்துங்கள். அப்போதாவது யாராவது பொறுப்பேற்பார்கள்.

உறுமிக்காரன் · 10:15

தங்கச்சி, அந்தப் புகையை யார் மறுத்தார்கள்? குப்பை பிரிக்காதது தப்பு. அதற்கு மருந்து குப்பையைப் பிரிப்பது. விழாவுக்குப் புதுப் பெயர் வைத்தால் அதே கறுப்புப் பை 'பசுமைப் பொங்கல்' முடிந்த இரவும் அங்கேதான் கிடக்கும்.

இன்னொரு கேள்வி. ஓராண்டில் இந்த வளாகத்தில் எத்தனை விருந்து நடக்கிறது, பட்டமளிப்பு நாளில் எத்தனை கடை போடுகிறார்கள்? அவற்றுக்கும் பசுமை அடைமொழி கேட்கிறார்களா? கேட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழைய_மாணவன் · 10:41

தம்பி, எல்லாருக்கும் ஒரே விதி என்று வந்த காலம் ஒன்று உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் போலிஸ்திரீன் சாப்பாட்டுப் பெட்டிக்கு 'வெள்ளைச் சவப்பெட்டி' என்று பெயர் வைத்து மாணவர்கள் ஓர் இயக்கம் நடத்தினார்கள். 2008இல் வளாகம் முழுக்க அந்தப் பெட்டிக்குத் தடை வந்தது. சாப்பாடு தாப்பாவ் செய்ய, அதாவது கட்டி எடுத்துப்போக, பிள்ளைகள் டப்பாவைக் கையோடு கொண்டுபோனார்கள். கடை, விருந்து, விழா என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தடை. தமிழ் விழாவுக்கு ஒன்று, மற்ற விழாவுக்கு ஒன்று என்ற பேச்சே எழவில்லை.

மாநிலத்தையே பாருங்கள். 2009இல் திங்கட்கிழமை மட்டும் இலவச நெகிழிப்பை கிடையாது என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் திங்கள் முதல் புதன் வரை. 2011 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா நாளும், பை வேண்டுமானால் அப்போது 20 காசு. முதலில் முணுமுணுத்த அதே அம்மாக்கள் இன்று பை எடுக்காமல் சந்தைக்குக் கிளம்புவதில்லை. இதற்கெல்லாம் விழா எடுக்கவில்லை. விதி போட்டார்கள், பொறுமையாக இருந்தார்கள்.

சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. விதியைக் கேளுங்கள், அடைமொழியைக் கேட்காதீர்கள்.

பந்தாய்_பாரு · 11:20

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் யாரும் அலுவலகத்தின் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. கெர்த்தாஸ் கெர்ஜாவில் ஐநாவின் நீடித்த மேம்பாட்டு இலக்குகள் 17இல் எது என்று கட்டத்தில் குறிக்கச் சொல்கிறார்களே, அதுதான் விஷயம். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் 'கிரீன்மெட்ரிக்' என்று ஒரு தரவரிசை நடத்துகிறது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதில் கலந்துகொள்கின்றன. கழிவு, நீர், எரிசக்தி, போக்குவரத்து என்று பிரித்து மதிப்பெண் போடுவார்கள். அதற்குப் படமும் நிகழ்ச்சிப் பட்டியலும் வேண்டும். பொங்கல் பானையும் மரக்கன்றும் ஒரே படத்தில் விழுந்தால் அவர்களுக்கு இரட்டை லாபம்.

மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். விடுதியில் அடுத்த வருடமும் அறை வேண்டுமே. மேலே ஒரு தம்பி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், வாழ்க.

மூன்றாம்_பருவம் · 11:22

நன்றி அண்ணே.

நீபோங்_திபால் · புதன் காலை 7:50

தரவரிசைக்காகச் செய்தால் செய்யட்டுமே. அந்த மதிப்பெண்ணில் கழிவுக்கும் பங்கு இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் கேட்பதற்கு நமக்குப் பிடி கிடைத்திருக்கிறது. படம் வேண்டுமா, உரக்குழி கொடுங்கள், சாப்பாட்டுக் கழிவுக்குத் தனி வண்டி கொடுங்கள் என்று கேட்கலாம்.

அப்புறம், யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். கோலப் போட்டி. பேரங்காடிகளில் போடுவதுபோல் அரிசிக்குச் சாயம் ஏற்றித் தரையில் கொட்டுகிறோம். 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசு வைத்த உச்சவிலை 26 மலேசிய வெள்ளி. 2023இல் அந்தப் பை கிடைக்காமல் மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். இந்த நாடு சாப்பிடும் அரிசியில் ஒரு பெரிய பங்கு வெளியிலிருந்துதான் வருகிறது. நெல்லுக்கு நன்றி சொல்லும் நாளில் அதே அரிசியை மூட்டையாகக் குப்பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோலமாவு · புதன் மதியம் 1:05

என் பெயரைக் கூப்பிடாமலே என்னைத் திட்டிவிட்டீர்கள். பரவாயில்லை.

ஐந்து வருடமாக வளாகக் கோலக் குழுவில் இருக்கிறேன். அரிசிமாவில் போடுங்கள், எறும்பும் குருவியும் தின்னும் என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் எறும்பு வரிசை கட்டினால் முதலில் புகார் கொடுப்பவர்களும் அவர்கள்தான். பளிங்குத் தரையில் மாவு நிற்காது, வழுக்கும், மின்விசிறி போட்டால் பறக்கும். அரிசிக்கு எடை இருக்கிறது, இட்ட இடத்தில் கிடக்கும். அதனால்தான் இந்த நாட்டில் வண்ண அரிசிக்கு மாறினோம். பகட்டுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

உப்பில் போடச் சொன்னவர்களும் உண்டு. கலைத்த உப்பைப் புல்லில் கொட்டினால் அந்த இடத்துப் புல் கருகிப்போகும். அதில் என்ன பசுமை?

அரிசியை எறியத்தான் வேண்டுமா என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்கிறேன். கலைக்கும்போது கால்களால் மிதித்துக் கூட்டிப் பெருக்கினால் எல்லா நிறமும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் குப்பைதான். வெளிவட்டத்திலிருந்து உள்ளே வந்தபடி நிறம் நிறமாக அட்டையால் வாரினால் பெரும்பகுதி தனித்தனியாகக் கிடைக்கும். வெயிலில் ஒரு முறை காயவைத்து, போத்தலில் ரெண்டு காய்ந்த மிளகாயோடு அடைத்தால் வண்டு வராது. பொங்கலுக்கு வாரிய அரிசியைத் தீபாவளிக்குப் போட்டிருக்கிறோம். கறுப்பு மட்டும் கொஞ்சம் வெளுக்கும். இதைச் செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை எந்த ஏற்பாட்டுக் குழுவும் எங்களுக்குக் கொடுத்ததில்லை. பரிசு கொடுத்து முடிந்ததும் நாற்காலி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஜனவரியில் பினாங்கில் மழை குறைவு. மண்டபத்துக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் விடுங்கள், நானே அரிசிமாவில் புள்ளி வைக்கிறேன். தீபாவளிக்கு அது நடக்காது. அக்டோபர், நவம்பர் மாலை மழை யாரையும் விடாது.

உறுமிக்காரன் · 1:30

கோலமாவு அக்கா சொன்னதைக் கவனியுங்கள். விழாவைப் பிரித்து வைத்தால்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். மேடையில் நிகழ்ச்சியைக் கூட்டக் கூட்ட முதலில் காணாமல் போவது இந்த மாதிரி வேலைதான்.

நீபோங்_திபால் · 1:44

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரித்து வைத்தும் இத்தனை வருடம் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையே, அண்ணா. சேர்க்க வேண்டாம் என்றால் யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லுங்கள்.

பந்தாய்_பாரு · புதன் இரவு 8:20

நான் கேலி செய்ததோடு போகவில்லை, ஒரு யோசனையும் இருக்கிறது. பொங்கல் போட்டிக்குக் குழுவுக்கு ஒரு புது மண்பானை வாங்குகிறீர்கள், சமைத்ததும் கரி பிடித்த பானை குப்பைக்குப் போகிறது, சரியா? கோலசிலாங்கூரில், கம்போங் குவாந்தான் பக்கம், தமிழ்க் குடும்பத்தார் இன்னும் மண்பானை வனைகிறார்கள். அதே கம்போங் குவாந்தானில்தான் சிலாங்கூர் ஆற்றோரம் மின்மினி பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் இரவில் போகிறார்கள். நம் ஆட்கள் மின்மினியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பானைக்காரர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த மின்மினி பெரெம்பாங் மரத்தில் கூட்டமாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் விட்டு விட்டு மின்னும். இயந்திரம் இல்லாத சம்பான் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். அதன் புழு ஆற்றங்கரை ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரையை வெட்டிச் செம்பனை நட்டால் நத்தையும் போகும், மின்மினியும் போகும். பெரெம்பாங் மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது, புழு வளரும் மண்ணும் வேண்டும். இதைப் பவர்பாயிண்ட் போட்டுச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

பகலில் பானை வனையும் இடம், இரவில் ஆறு. இதைப் பசுமை வாரத்துக்கு வையுங்கள். வாங்கிவந்த பானையில் பொங்கல் வையுங்கள். விழா இரண்டாகவே இருக்கட்டும், பானை ஒன்றாக இருக்கட்டும். பினாங்கிலிருந்து தூரம்தான், பேருந்து வாடகைக்கு ஒதுக்கீட்டில் கேளுங்கள். 2024இல் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தியபோது மாணவர் அமைப்புகள் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்க வழி செய்தார்கள். அந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

பழைய_மாணவன் · 8:47

நல்ல யோசனை. பானையைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பானையை முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்க வேண்டும். நேராக விறகில் ஏற்றுவதால்தான் போட்டி நடக்கும்போதே விரிசல் விடுகிறது. பழக்கிய பானை வருடக்கணக்கில் உழைக்கும். போட்டி முடிந்ததும் குழுவில் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். மீன் குழம்புக்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

செயலவை_குரல் · வியாழன் இரவு 9:30

இன்று மாலை கூடிப் பேசினோம். முடிவு: இரண்டு விழா, இரண்டு நாள் என்று திரும்பவும் எழுதுகிறோம். மண்டபம் ஒரு நாள்தான் கொடுப்பார்கள் என்றால் பொங்கல் வெளியே, திடலில். கோலம் சிமெண்டுத் தரையில், அரிசிமாவு. தேதி இல்லாத மேடைத் தட்டி ஒன்று, வருடா வருடம் அதே தட்டி. பலூன் கிடையாது. உரக்குழி கேட்டுச் சுற்றுச்சூழல் மன்றமும் நாமும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கோலசிலாங்கூர் பயணத்துக்குத் தனி கெர்த்தாஸ் கெர்ஜா.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஆதரவாளர் ஒருவர் பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் பரிசுப் பணமும் வராது.

உறுமிக்காரன் · 9:41

தண்ணீர்ப் பந்தல் போடுங்கள். பெரிய தோம்பில் நீர்மோர், எவர்சில்வர் டம்ளர். பந்தலில் அவர் பெயரை எழுதிக் கட்டுங்கள். போத்தல் வாங்கும் பணத்தை மோருக்கும் டம்ளருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் போதும் அவருக்கு.

நீபோங்_திபால் · 9:44

டம்ளர் யார் கழுவுவது? இந்த இடத்தில்தான் போன முறையும் பேச்சு நின்றது.

உறுமிக்காரன் · 9:52

உறுமிக் குழுப் பையன்கள். நான் சொன்னால் வருவார்கள். ஆனால் மேளத்துக்கு ஒன்றரை மணி நேரம், மதியத்துக்கு முன்னால். அதை எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாம்_பருவம் · 9:53

டம்ளர் கழுவினால் மெரிட் உண்டா?

செயலவை_குரல் · 10:02

உண்டு. நாளை கடிதத்தில் அதையும் சேர்க்கிறேன். உறுமிக்கு ஒன்றேகால் மணி நேரம், அண்ணா. உறியடியும் இருக்கிறது.