புதுப்பிப்பு: அந்தப் பச்சை வளையம்

வேலை தேடுவோர் கூடும் லிங்க்ட்இன் தளத்தில், என் படத்தில் ‘ஓப்பன் டு வொர்க்’ (வேலை தேடுகிறேன்) என்ற பச்சை வளையத்தை மாட்டி, மேலாளரிடம் நானே மாட்டிக்கொண்ட கதையை மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி அமைப்பை மாற்றிவிட்டேன். நான் வேலை தேடுவது இனி ஆளெடுப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். நம் நிறுவனத்தின் ஆளெடுப்பவர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தராது. அதையும் அவர்களே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். யார் படித்தோம்!

பிறகு ஃபேஸ்புக்கைத் துழாவினேன். 2016இல் அலுவலகக் காபியைத் திட்டி ஏழு பதிவுகள், அதுவும் ஊருக்கே தெரியும்படி. பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரேயடியாக மாற்ற அங்கே வசதி இருக்கிறது, மாற்றிவிட்டேன். காபி என்னவோ இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு நேர்காணல். மேலாளர் இன்னும் முறைக்கிறார்.